என் குரலை நம்பாதே, மயோ

பூலோ கரஸ்
புதன்கிழமை

என் அருமை மகன் மயோவுக்கு உன் தகப்பன் அப்கோவ் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் உன்னோடு அந்தத் தூர தேசத்தில் பயிற்சி எடுக்கும் நம் நாட்டுப் பிள்ளைகளையும் இறைவன் காப்பானாக.

முதலில் என் எழுத்துக்காக நீ என்னை மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து ஆட்டுத்தலை அளவு இருக்கிறது, அடுத்தது எறும்பு அளவு. வரி மேலே தொடங்கிக் கீழே சரிந்துகொண்டே போகிறது. சில இடத்தில் தாள் கிழிந்தும் போயிருக்கும். வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த விரல்களுக்குப் பேனா பிடிபடவில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் நான்தான் எழுதுகிறேன், மயோ! பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் திருத்தவில்லை. உன் பெயரை நான் எழுதினால் அது உன் பெயராகவே இருக்கிறது. இதை நினைத்தால் இந்த வயதிலும் எழுந்து குதிக்கலாம் போலிருக்கிறது.

இப்போது நான் எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். சோப்பு உறை, மருந்துப் புட்டி, லாரியின் பின்பக்கம். நம் ஆட்டுப்பட்டிக்கு மாவுச் சாக்கை வெட்டிக் கூரை போட்டிருக்கிறோமே, போன வாரம் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். ‘நன்கொடை. விற்பனைக்கு அல்ல’ என்று நம் மொழியிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சாக்குகள் ஒவ்வொன்றையும் நான் கடையில் விலை கொடுத்துத்தான் வாங்கினேன்! தனியாக நின்று சிரித்தேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, “ஓய் மனுஷா, ஆட்டைப் பாத்துச் சிரிக்கிற அளவுக்கு வந்தாச்சா?” என்று கேட்டாள். “ஆட்டைப் பாத்து இல்லடி, கடைக்காரனை நெனச்சு” என்றேன். “படிக்காம இருந்தப்ப ஏமாந்தோம், அது ஒண்ணுதான். இப்ப ஏமாந்ததும் தெரியுது. ரெண்டு கஷ்டம்” என்றாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் எனக்கு அந்த இரண்டாவது கஷ்டம் பிடித்திருக்கிறது.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அனப் டீச்சர். நீ பார்த்ததில்லை, நீ போன பிறகுதான் பைதோவாவிலிருந்து வந்தாள். உன்னைவிடச் சின்னவள். என்னைப் பெரியப்பா என்பாள். நான் பேனாவை இறுக்கிப் பிடித்தால், “பெரியப்பா, அது ஆடு இல்ல, ஓடிப்போகாது, மெல்லப் பிடிங்க” என்று வகுப்பே சிரிக்கும்படி சொல்வாள். வெங்காய வியாபாரியின் காலிக் கிடங்கில்தான் வகுப்பு. ஊரில் முதல்முறையாக ஆளுக்கொரு ஓட்டு வரப்போகிறது, சீட்டில் இருக்கும் பெயரைத் தானே படித்துப் போட வேண்டும் என்று வெளிநாடுகள் பணம் கொடுத்து நடத்திய வகுப்பு அது. பழைய பஞ்சுக் கொட்டகையில் முகாம் போட்டிருந்த பச்சைத் தொப்பிப் படைக்கும் அந்த நாடுகள்தான் பணம் கொடுத்தன. உன்னை விமானம் ஏற்றிப் பயிற்சிக்குக் கூட்டிப்போனதும் அவர்கள்தான். எங்களுக்குக் காவல், உனக்குத் துப்பாக்கி, எனக்கு எழுத்து. எல்லாம் ஒரே பையிலிருந்து வந்தது. பை காலியானதும் எல்லாம் சேர்ந்தே நின்றது.

பச்சைத் தொப்பிக்காரர்கள் போனதை உனக்குப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. போவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களை முகாமுக்கு அழைத்தார்கள். குலத்தலைவர் மலாக் மதேரோடு நானும் போனேன். அவர்களுடைய அதிகாரி நல்ல மனிதர், நீளக்காலன் என்று நம் ஊர் பெயர் வைத்திருந்ததே, அவர்தான். ‘எங்கள் வேலை நல்லபடியாக முடிந்தது, இனி உங்கள் பாதுகாப்பு உங்கள் அரசாங்கத்தின் கையில்’ என்று பேசினார். பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆட்கள் விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், முள்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மலாக் மதேர் எழுந்து, “விருந்தாளி போறப்ப சாப்பிட்ட தட்டையும் படுத்த பாயையும் எடுத்துட்டா போவான்? அந்தத் தண்ணித் தொட்டியையாவது விட்டுட்டுப் போகச் சொல்லு” என்று மொழிபெயர்ப்பாளனிடம் சொன்னார். அந்தப் பையன் திரும்பி அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அதிகாரி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். என்னடா சொன்னே என்று கேட்டால், “எல்லாரும் ரொம்ப நன்றி சொல்றாங்கன்னேன்” என்கிறான். தண்ணீர்த் தொட்டியும் போய்விட்டது.

அரசாங்கப் படை வந்தது. உன் வயதுப் பிள்ளைகள். சம்பளம் வரவில்லை, செருப்பு இல்லாதவனும் இருந்தான். நம் வீட்டில்கூட வந்து மக்காச்சோளக் களி வாங்கித் தின்றார்கள். உன் அம்மா ஒவ்வொருவனுக்கும் உன்னை நினைத்துத்தான் எள்ளெண்ணெய் ஊற்றினாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் முகாமில் யாரும் இல்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு மாலைத் தொழுகைக்கு, இத்தனை நாள் காட்டுக்குள் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த காட்டுக்காரர்கள் பள்ளிவாசலில் நம்மோடு வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. தொழுது முடித்து வலப்பக்கம் முகம் திருப்பினேன், என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி. அவ்வளவுதான், ஊர் கை மாறிவிட்டது.

வாக்குப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டிகள். இதில் யாரும் எதையும் மறைக்க முடியாது என்று அனப் அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். காட்டுக்காரர்கள் அவற்றை ஆற்றங்கரையில் குவித்து எரித்தார்கள். அதற்கு முன்பே உன் அம்மா ஒன்றைத் தூக்கிவந்து எள் கொட்டி வைத்துவிட்டாள். எலி விழுந்தால் தெரியுமாம். வேட்பாளர்கள் பெயரெல்லாம் நான் எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருந்தேன். ஒருவர் நைரோபிக்குப் போய்விட்டார். ஒருவர் இப்போது தாடி வளர்த்து முன்வரிசையில் தொழுகிறார். மூன்றாமவரைப் பற்றி எழுத வேண்டாம்.

கை வலிக்கிறது. கொஞ்சம் நிறுத்துகிறேன்.

தொழுதுவிட்டு வந்தேன். இனி எழுதப்போவதுதான் முக்கியம். வீட்டுப் போன்களைக் காட்டுக்காரர்கள் வாங்கி வாங்கிப் பார்ப்பதால் இதைப் போனில் சொல்ல முடியாது. மெதுவாகப் படி, இரண்டு தடவை படி.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போனில் என் குரல் வந்திருக்கும். ‘மயோ, ஊரில் அமைதி, உனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, பயிற்சி முடிந்ததும் நேராக வீட்டுக்கு வா, உன் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள்’ என்று நான் சொல்லியிருப்பேன். அது என் குரல்தான். ஆனால் அந்தப் பேச்சு என்னுடையது அல்ல. அதை நம்பாதே. உன் அம்மா நன்றாக இருக்கிறாள், இப்போதுகூட அடுப்படியிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நடந்தது இதுதான். அரசாங்கப் படையில் மகன் உள்ள வீடுகளையெல்லாம் காட்டுக்காரர்கள் மலாக் மதேரின் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். பையன் வந்து சரணடைந்தால் மன்னிப்பு, வராவிட்டால் வீடு பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். உன் அம்மாவின் போனை வாங்கி, அதில் உன் பெயரைத் தேடி, குரலைப் பதிந்து அனுப்ப என் வாய்க்கு நேரே நீட்டினான் ஒருவன். மீசை முளைக்காதவன். நான் சொன்னேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, “தாத்தா, இப்படி மழை பேஞ்ச சேதி மாதிரிச் சொன்னா எவன் வருவான்? கொஞ்சம் அழுகையாச் சொல்லுங்க” என்றான். “அழுகை வேணும்னா எனக்குப் பல்லுவலி வர்ற வரைக்கும் காத்திரு தம்பி” என்றேன். அவர்களே சிரித்துவிட்டார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன் சித்தப்பாவை எனக்குப் பக்கத்தில் மண்டியிட வைத்தார்கள். அதன் பிறகு நான் சொன்னதில் அழுகை சரியாக இருந்தது. அதைத்தான் நீ கேட்டாய்.

நூரோவை உனக்கு நினைவிருக்கும், கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடு, உனக்கு ஒரு வருடம் முன்னால் படையில் சேர்ந்தவன். அவன் தாயின் குரலை நம்பி மொகதிஷுவிலிருந்து வந்தான். தேநீர் கொடுத்தார்கள். பக்கத்தில் நிறுத்தித் தொழுதார்கள். மன்னிப்புச் சீட்டும் கொடுத்தார்கள், அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அடுத்த சந்தை நாளன்று ஒற்றன் என்று சொல்லி எல்லோரும் பார்க்கச் சுட்டார்கள். மலாக் மதேர் அவன் உயிருக்கு வாக்கு வாங்கியிருந்தார். கேட்டதற்கு, அந்த வாக்குக் கொடுத்த தளபதி மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். நூரோவின் அம்மா இப்போது யாரிடமும் பேசுவதில்லை. தன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நாம் பேச்சை நம்பி வளர்ந்தவர்கள், மயோ. நம் பெரியவர்கள் தாளை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. தாளில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், குரல் அப்பனுடையது என்றால் அப்பன்தான் என்போம். நூரோவும் அப்படித்தான் நினைத்தான். நீயும் அப்படித்தான் நினைப்பாய். இதுதான் என் பயமெல்லாம். என் கையெழுத்தை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. இது அப்பா எழுதியது இல்லை, யாரோ நம்மைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று தாளை ஒதுக்கிவிட்டுப் பையைக் கட்டிவிடுவாயோ என்று நேற்றெல்லாம் யோசித்தேன்.

அதனால் ஒன்று எழுதுகிறேன். நம் சாம்பல் கழுதை. நீ அப்போது பல் விழுந்த பையன். குளிப்பாட்டுகிறேன் என்று அதை ஆழத்துக்கு ஓட்டிப் போனாய், முதலை இழுத்துக்கொண்டு போனது. நீ கரையில் நின்று கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் இனி ஆற்றுப் பக்கமே விட மாட்டாள் என்று நீ அழுததால், சந்தையில் திருடு போய்விட்டது என்று நாம் இருவரும் சேர்ந்து சொன்னோம். இன்றுவரை அவள் யார் வீட்டுக் கழுதையைப் பார்த்தாலும், “என் கழுதையைத் திருடினவன் கை அழுகிப் போக” என்று சபிக்கிறாள். போன வாரமும் சபித்தாள். நான் தாடியைத் தடவிக்கொண்டு நின்றேன். முதலைக்குக் கையே கிடையாது என்று சொல்லத் தோன்றும். இது உனக்கும் எனக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும். இப்போது நம்புவாயா, மகனே? எழுதுவது நான்தான். வராதே.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு மலாக்கின் முற்றத்தில் மறுபடி கூடுகிறார்கள். மகன் என்ன சொன்னான் என்று கேட்பார்கள். நான் சொல்லப்போவதை முடிவு செய்துவிட்டேன். ‘என் மகன் வரமாட்டான், அவன் காரியம் என் கழுத்தில்’ என்று எழுந்து நின்று சொல்வேன். நம் குலத்தில் இது எப்படி என்று உனக்குத் தெரியும். கால்வாய் மடைச் சண்டையில் என் பெரியப்பா இதே வார்த்தையைச் சபையில் சொன்னார். அவர் பிள்ளைக்குப் பதிலாக எதிர்த்தரப்பார் வந்து அவரையே அழைத்துப் போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அவர் வீட்டில் ஒரு ஆட்டைக்கூட யாரும் தொடவில்லை, அவர் பிள்ளையை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. காட்டுக்காரர்களிலும் பாதிப் பேர் நம் குலத்துப் பிள்ளைகள்தான். அந்த வார்த்தையைச் சபையில் கேட்டுவிட்டு அதைத் தாண்டி வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. மலாக் மதேரிடம் மட்டும் சொன்னேன். “அவசரப்படாதே அப்கோவ், அறுவடையைக் காட்டி இழுத்தடிப்போம்” என்றார். “நூரோவுக்கும் இழுத்தடிச்சோமே மலாக்” என்றேன்.

நாளைக் காலை வாழைக்காய் லாரி மொகதிஷுவுக்குப் போகிறது. வகுப்பு மூடிவிட்டதால் அனப் டீச்சர் அதில் போகிறாள். உன் அம்மாவையும் பதூலோவையும் குழந்தையையும் அதிலேயே அனுப்புகிறேன். குழந்தையின் கண்ணுக்கு வைத்தியம் என்று சொல்லி வழி அனுமதி வாங்கியாகிவிட்டது. குழந்தையின் கண் நன்றாகத்தான் இருக்கிறது. உன் மனைவி பதூலோ புத்திசாலி. அவள் எதுவும் கேட்கவில்லை. நேற்றிலிருந்து எனக்கு மட்டும் எண்ணெயில் வறுத்த காப்பிக்கொட்டை எடுத்து வந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். உன் அம்மாவிடம் எள் உதிர்த்து மூட்டை கட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “நீ உதிர்த்தா பாதி மண்ணுதான் இருக்கும், நான் இருந்து முடிச்சுட்டே போறேன்” என்று சண்டை பிடிக்கிறாள். அவளை லாரியில் ஏற்றுவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருக்கும்.

நானும் ஏறலாமே என்று நீ கேட்பாய். ஆண்களைச் சாலையில் நிறுத்துகிறார்கள். நிறுத்தாவிட்டாலும் நான் போனால் அந்த இடத்தில் உன் சித்தப்பா நிற்க வேண்டிவரும். அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்தத் தாள்களைக் குழந்தையின் துணிக்குள் வைத்துக் கொண்டுபோவார்கள். மொகதிஷுவில் அனப் இதைப் படிக்காமல் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், பிறகு எரித்துவிடுவாள். நீயும் படித்துவிட்டு அழித்துவிடு. அம்மாவும் பதூலோவும் உன் மாமா வீட்டில் இருப்பார்கள். உன் மகளைப் பற்றி எழுத மறந்தேன் பார். சகியாவுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. என் தாடியைப் பிடித்தால் விடுவதில்லை. உன் பிடிவாதம்.

உன் அதிகாரிகள், திரும்பிப் போய் உங்கள் ஊரை மீட்கப் போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். சொல்லட்டும். இந்த ஊரை எத்தனையோ பேர் மீட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் மீட்கும்போது நாம் மக்காச்சோளத்துக்குள் படுத்துக் கிடந்தோம். மீட்டவர்கள் போனதும் மற்றவர்கள் வந்தார்கள். அடுத்த தடவையும் யாராவது வருவார்கள், வேறு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது. அந்தக் கூட்டத்தோடு முதல் ஆளாக நீ வராதே. முடிந்தால் அங்கேயே ஏதாவது வேலை கிடைக்குமா என்று பார். முடியாவிட்டால் மொகதிஷுவில் இரு. நம் நிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே, தண்ணீர் வந்தால் அது தானே விளையும், யாராவது தின்பார்கள். இன்னும் ஒன்று. என் பேரைச் சொல்லி யாரிடமும் எதையும் கேட்காதே. என் உயிருக்கு ஈடு என்று யாராவது ஒட்டகம் கொண்டுவந்து நிறுத்தினாலும் வாங்காதே. என்னோடு கணக்கு முடியட்டும்.

கோபம் வரும். வந்தால் எழுந்து முகம் கழுவி, இரண்டு ரக்அத் தொழு. உன் அம்மாவிடம் சத்தமாகப் பேசாதே. பதூலோவிடம் பொய் சொல்லாதே, அவளுக்கு எப்படியும் தெரிந்துவிடும். சகியாவைப் பள்ளிக்கு அனுப்பு. எந்த ஊரில் இருந்தாலும், யார் ஆண்டாலும் அனுப்பு.

எனக்கு வருத்தம் இல்லை, மயோ. அதாவது இருக்கிறது, ஆனால் இப்போது இந்தத் தாளைப் பார்க்கும்போது இல்லை. இத்தனை பக்கம்! முழுக்க நான் எழுதியது. அனப் காட்டச் சொன்னாள், மாட்டேன் என்றேன். முதல்முறையாக எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, ஊருக்குத் தெரியாமல், நீ இருக்கும் இடத்துக்கு என்னால் சொல்ல முடிகிறது. நான் ஓட்டுப் போடவில்லை. பரவாயில்லை. எழுத்துத் தெரிந்ததற்கு இது போதும்.

இறைவன் உன் பாதையில் நல்ல மனிதர்களை வைப்பானாக. பசிக்கும்போது சோறும், பயப்படும்போது துணையும் உனக்குக் கிடைக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னைவிட நீண்ட காலம் வாழட்டும். உன் படைச் சீருடை உன் உடம்போடு ஒட்டிப்போகாதிருக்கட்டும். நீ கிழவனாக வேண்டும், மயோ. நன்றாகக் கிழவனாக வேண்டும்.

வெளிச்சம் குறைகிறது, உன் அம்மாவும் மூட்டை கட்டக் கூப்பிடுகிறாள். மொகதிஷுவுக்குப் போனதும் அவள் உனக்குப் போன் செய்து, அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று உன்னிடம்தான் கேட்பாள். அப்பா கடிதம் எழுதியிருக்கிறார், எள் வேலை முடியவில்லையாம், அடுத்த வாரம் மறுபடி எழுதுவாராம் என்று சொல். அவள் அடுத்த வாரமும் கேட்பாள். அப்போதும் இதையே சொல். நீயும் என்னைக் கேட்காதே. அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

உன் தகப்பன்,
அப்கோவ்